மருமகனின் வயிற்றுக்குள் இருந்தது

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் ஒரு மீனும் வாங்கியதில்லை. வெளியே பளபளவென்று மினுங்கும், கண் உயிரோடு இருக்கிறது போல முழிக்கும், செவுளைத் தூக்கினால் உள்ளே சாம்பல் நிறம். விற்கிறவன் கூடப்பிறந்த தம்பி என்றாலும் தூக்கித்தான் பார்ப்பேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சைக்கிளில் பெட்டி கட்டி, ஆரையம்பதியில் இருந்து கரடியனாறு வரைக்கும் வாவி மீனைக் கொண்டுபோய்க் கூவி விற்றவன். இன்றைக்கு எனக்கென்று ஒரு மீன்வாடி இருக்கிறது. என் இறாலும் நண்டும் ஐஸில் படுத்துக்கொண்டு கொழும்புக்குப் போகின்றன. கெட்டுப்போச்சு என்று ஒரு பெட்டி திரும்பி வந்த கதை கிடையாது. இதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. சந்தேகம் சொல்லித்தந்தது.

மனிசனுக்குத்தான் செவுள் இல்லை. அதனால்தான் என் மூத்த மருமகனுடைய வயிற்று வலியில் நான் அவ்வளவு அலைய வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவது. வீடு மகளின் பெயரில் எழுதியாகிவிடும். பெற்றவர்கள் பின்வளவில் சின்னதாக ஒரு வீடு போட்டுக்கொண்டு ஒதுங்க வேண்டும். நானும் ஒதுங்கினேன், என் சின்ன வீடு பலபேருடைய பெரிய வீட்டைவிடப் பெரிது என்பது வேறு கதை. வந்த மருமகன் சரியில்லை என்றால் அவருடைய பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிடுவார்கள். சண்டை தேவையில்லை. பெட்டியைக் கண்டால் ஆள் விளங்கிக்கொள்வார்.

மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைக்காமல் இருப்பது இன்னொரு வழக்கம். பல வீடுகளில் இப்போது அது கழன்றுவிட்டது, என் வீட்டில் கழலவில்லை. மனைவி சமைப்பாள், மகள் கொண்டுபோய்ப் பரிமாறுவாள், சாப்பிட்ட சோற்றுக் கோப்பை திரும்பி மனைவியிடம் கழுவ வரும். மருமகன் முற்றத்தில் நின்றால் அவள் குசினிக்குள் போய்விடுவாள். கலியாணம் முடிந்து இத்தனை வருடத்தில் அவர்கள் இருவரும் ஒரு சொல் நேரே பேசி நான் கேட்டதில்லை.

மருமகனை நானே தேடி எடுத்தேன். புளியந்தீவில், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலை. படிப்பு, குடும்பம் எதையும் நான் விசாரிக்கவில்லை, அதெல்லாம் மனைவியின் பாடு. நான் விசாரித்தது ஒன்றே ஒன்று, ஆள் குடிப்பாரா என்பது. என் தகப்பன் கசிப்புச் சாராயத்தில் செத்தவர். வாவிக்கரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறால் மாதிரிச் சுருண்டு கிடந்தவரைத் தோளில் தூக்கி வந்தவன் நான். அன்றைக்கு அம்மன் வாசலில் சொன்னேன், என் வீட்டில் ஒரு குடிகாரன் படுக்க மாட்டான் என்று. மருமகனைப் பற்றிப் பத்து இடத்தில் கேட்டு, பத்து இடத்திலும் இல்லை என்ற பிறகுதான் சம்மதித்தேன்.

வந்தவரைச் சாப்பாட்டால் தாங்கினேன். வாடிக்கு வருகிற நண்டில் பெரியது அவருக்கு. இறாலில் தலைப்பருமன் அவருக்கு. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருந்து எருமைத்தயிர்ச் சட்டி, மேலே ஆடை விரல் மொத்தத்தில் நிற்கும். ஊரில் எந்த மாமன் தன் மருமகனுக்கு இப்படிச் செய்தான் என்று யாராவது சொல்லட்டும்.

ஒரு வருடமாக ஆள் கோணலாக நடந்துகொண்டார். வேலை முடிந்து கந்தோர் விட்டதும் நேரே வரமாட்டார். கல்லடிப் பாலத்தடியில் தனியாகக் குந்தியிருக்கிறார் என்று என் வாடிக்கு வருகிற ஒருவர் சொன்னார். வந்தாலும் சாப்பிட்ட கையோடு பின்வளவுப் பக்கம் நடப்பார். உடம்பு இளைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் நின்றால் ஏலக்காய் மணந்தது. ஏலக்காய் மணத்தை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. என் தகப்பனும் மென்றவர்தான். ஏலக்காய்க்கு வழியில்லாத நாளில் கொய்யா இலை மெல்லுவார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. தூண்டில்காரன் இழுத்த உடனே தூக்க மாட்டான்.

அவருடைய கந்தோரில் ஒருவர் பென்ஷன் போகிறார் என்று விருந்து வைத்தார்கள். மருமகனும் போய்விட்டு வந்தார். மறுநாள் காலையில் மகள் பின்வீட்டுக்கு ஓடி வந்து, அவர் எழும்ப ஏலாமல் கிடக்கிறார் என்றாள். போய்ப் பார்த்தேன். கந்தோருக்கு உடுத்த சேட்டோடு கட்டிலில் இருந்தார். முன்னுக்குக் குனிந்து, தலையணையை வயிற்றோடு அணைத்து, முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து வைத்திருந்தார். மேல்வயிற்றில் ஈட்டியால் குத்தி முதுகால் எடுக்கிற மாதிரி இருக்கிறதாம். வாளிக்குள் வாந்தி. நான் முதலில் குனிந்து வாளியைத்தான் மணந்தேன். புளிப்பு மணம், பித்த மணம், இவற்றுக்குள்ளே ஏலக்காய்.

கேஸ்ட்ரிக் போல, மாமா என்றார். அப்படிச் சுருண்டு கிடந்த ஆளை நான் எங்கே கண்டிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர். பேச்சிலேயே இந்தப் பக்கத்துப் பிள்ளை இல்லை, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வயிற்று வலி என்று கொண்டுபோனவருக்கு நெஞ்சிலே வயர் ஒட்டினார்கள். எனக்கு அங்கேயே சந்தேகம். வலிக்கிற இடம் வயிறு, இவர்கள் பார்க்கிற இடம் இதயம். கேட்டேன். மாரடைப்பும் சில வேளை மேல்வயிற்று வலியாக வேசம் போட்டு வருமாம், முதலில் அது இல்லை என்று காண வேண்டுமாம். சரி, இந்தப் பிள்ளையும் செவுள் தூக்கித்தான் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வயிற்றை அழுத்தினார். முதுகுக்குப் போகிறதா, குனிந்தால் சுகமா, எப்போது தொடங்கியது, முந்தி இப்படி வந்ததா என்று கேட்டார். முந்தி வந்ததில்லை என்றார் மருமகன். அடுத்ததாக, குடிக்கிற பழக்கம் இருக்கா என்று கேட்டார்.

மருமகன் டொக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இல்லை, டொக்டர்" என்றார்.

கேள்வி கேட்டது ஒரு ஆள், பதில் போனது இன்னொரு ஆளுக்கு. சந்தையில் இப்படிப் பதில் சொல்கிறவனிடம் நான் ஒரு கூனி இறால்கூட வாங்க மாட்டேன்.

டொக்டரும் அதைக் கண்டுவிட்டார் போல. ஒரு இரத்தப் பரிசோதனையை வெளியே ஆய்வுகூடத்தில் கெதியாகச் செய்வித்து வரும்படி என்னிடம் ஒரு சின்னக் குழாயைத் தந்து அனுப்பினார். என்னை அகற்றத்தான் அனுப்புகிறார் என்று பட்டது. பட்டாலும் போனேன்.

இனி நான் செய்ததைக் கேளுங்கள். உடம்பில் இருந்து வெளியே வந்த எதுவும் ஐஸ் இல்லாமல் நிற்காது என்பது என் தொழில். ஆய்வுகூடத்தில் மேசையில் வெயில்பட வைத்துவிடுவார்கள், இரத்தம் கெட்டுவிடும், பிழையாக ரிப்போர்ட் வரும் என்று நினைத்தேன். வாடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, மீன் அனுப்புகிற ஒரு சின்ன ரெஜிபோம் பெட்டியில் ஐஸை நொறுக்கிப் போட்டு, மேலே உப்புத் தூவி, நடுவே குழாயைப் புதைத்தேன். உப்புப் போட்டால் ஐஸ் இன்னும் கடுமையாகக் குளிரும். என் இறால் கொழும்பில் போய் இறங்கும்போதும் விரலால் தொட்டால் மரத்துப்போகும். அந்தக் கைப்பக்குவம் ஒரு துளி குறையாமல் மருமகனின் இரத்தத்துக்கும் செய்தேன்.

இரத்தம் இனிப் பத்திரம் என்றதும் நான் ஆய்வுகூடத்துக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போனேன். மகள் ஆஸ்பத்திரியில், மனைவி அம்மன் கோயிலில். நல்ல சமயம். மருமகனின் அலுமாரியைத் திறந்தேன், துணிகளுக்கு அடியில் பார்த்தேன், அவருடைய மோட்டார் சைக்கிள் பெட்டியைப் பார்த்தேன், கிணற்றடி, விறகுக் கொட்டில், கோழிக்கூட்டுக்குப் பின்பக்கம் எல்லாம் பார்த்தேன். போத்தல் இல்லை. குடிகாரன் போத்தலை வீட்டில் வைக்க மாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் கழற்றிப் போட்ட சேட்டுப் பையில் கடதாசியில் சுற்றிய ஏலக்காய் இருந்தது. அது எனக்குப் போதும். அலுமாரிக்கு மேலே இருந்த அவருடைய பெட்டியை இறக்கினேன். கலியாணத்தன்று கொண்டுவந்த அதே பெட்டி. தூசு தட்டி, வாசல் கதவோரம் வைத்தேன். ஆள் சுகமாகி வரட்டும், வந்து காணட்டும் என்று.

ஆய்வுகூடத்தில் ஐஸுக்குள்ளிருந்து குழாயைத் தோண்டி எடுத்துக் கொடுத்தபோது அங்கிருந்த பிள்ளை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கவிழ்த்தாள். இரத்தம் அசையவில்லை.

"என்ன ஐயா, இரத்தம் தந்தீங்களா, ஐஸ்பழம் தந்தீங்களா?" என்று கேட்டாள். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். உறைந்த இரத்தம் உடைந்துபோகுமாம், பரிசோதனைக்கு உதவாதாம். என் வாழ்க்கையில் நான் ஐஸ் அடித்த ஒரு பொருள் திரும்பி வந்தது அன்றைக்கு ஒருமுறைதான். அதுவும் ஐஸ் கூடியதால், குறைந்ததால் இல்லை.

திரும்பிப் போனபோது டொக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. மறுபடி இரத்தம் எடுத்து, இந்த முறை ஆஸ்பத்திரி ஆள் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அதற்குள் மருமகனுக்குச் சேலைன் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது, ஊசி போட்டு வலியைக் கொஞ்சம் அமர்த்தியிருந்தார்கள். நாக்கு வறண்டு உதடு வெடித்தவருக்கு வாயில் ஒரு மிடறு தண்ணீர் இல்லை. கைவழியே வாளிக்கணக்கில் ஊற்றுகிறார்கள், வாய்வழியே சொட்டும் இல்லை. இதென்ன வைத்தியம் என்று கேட்கப் போனேன். மகள் என் கையைப் பிடித்து இருத்தினாள்.

ரிப்போர்ட் வந்தது. டொக்டர் என்னை வெளியே வாங்குப் பலகையில் இருத்தி விளங்கப்படுத்தினார். இரைப்பைக்குப் பின்னால் சதையி என்று ஒரு உறுப்பு இருக்கிறதாம், இந்தியாவில் கணையம் என்று சொல்வார்களாம். சோறு செமிக்கிற நீர் அதில்தான் ஊறுகிறது. அந்த நீர் குடலுக்குப் போகாமல் உள்ளேயே நின்றால் சோற்றைச் செமிக்கிற மாதிரிச் சதையியையே செமிக்கத் தொடங்கும். அந்த நீரில் இருக்கிற அமிலேஸ் என்கிற சாமான் இரத்தத்தில் இருக்கவேண்டிய அளவுக்கு மூன்று மடங்கு ஏறினால் நோய் இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். மருமகனுக்கு அதையும் தாண்டிவிட்டது, வலியின் மாதிரியும் பொருந்துகிறது.

"அப்ப கடுமையா?" என்று கேட்டேன்.

"அது இந்த எண் சொல்லாது, ஐயா. நோய் இருக்கெண்டுதான் சொல்லும். லேசா கடுமையா எண்டு மூச்சிலயும் சிறுநீரிலயும்தான் பாக்கோணும். முதல் ரெண்டு நாள் தாண்டினாத்தான் வாய் திறக்கலாம்."

எனக்கு இது பிடிக்கவில்லை. எண்ணும் பெரிது, ஆனால் எண்ணைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது என்றால் பிறகு ஏன் அந்த எண். ஏதோ தெரிந்தும் மறைக்கிறார் என்று நினைத்தேன். ஏன் வந்தது என்று கேட்டேன். இரண்டு வழி பெருவழி என்றார். ஒன்று பித்தக்கல், மற்றது குடி. மற்றது என்ற சொல் மட்டும்தான் என் காதில் ஏறியது.

மாலையில் ஸ்கேன் எடுத்தார்கள். அதில் இன்னும் விசேசம். பார்க்கப்போன சதையியைக் குடல்வாயு மறைத்துவிட்டதாம், காணவில்லையாம். பக்கத்தில் பித்தப்பைக்குள் சின்னச் சின்னக் கல் காண்கிறதாம். வலை போட்டது மணலை மீனுக்கு, வந்தது நண்டு. கல் எத்தனையோ பேருக்கு இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காகக் குடி இல்லை என்று ஆகிவிடுமா? படித்த ஆளைப் படித்த ஆட்கள் காப்பாற்றுகிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

இரண்டாம் நாள் காலை மருமகன் ஆள் மாறியிருந்தார். வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. படுக்கைச் சீலையைப் பிடுங்கிப் பிடுங்கி எதையோ தேடினார். மகளை வேறு யாரோ என்று நினைத்து, பைல் எங்கே, பைல் எங்கே என்று கேட்டார். அவள் அழவில்லை. அழுதால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

டொக்டர் வந்து விரலில் கிளிப் மாட்டினார், மூச்சை எண்ணினார், கட்டிலின் பக்கத்தில் தொங்கிய சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. முந்திய நாள் அவருடைய முகத்தில் இருந்த சாவகாசம் இப்போது இல்லை. எங்களைப் பார்த்துச் சொன்னார்:

"ஒளிக்காமல் சொல்லுங்கோ. தினமும் குடிக்கிற ஆள் திடீரெண்டு நிப்பாட்டினா ரெண்டாம் மூண்டாம் நாள் இப்பிடித்தான் நடுங்கும், பிதற்றும். அதுக்கு அமைதியாக்கிற மருந்து குடுக்கிறது. நோய் முத்தி மூச்சு இறங்கினாலும் இப்பிடித்தான் வரும். அந்த ஆளுக்கு அந்த மருந்தைக் குடுத்தா மூச்சு இன்னும் இறங்கிப் போகும். இவர் குடிக்கிறவரா, இல்லையா?"

மகள் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன், குடிக்கிறவர்தான் என்று. ஒரு வருடமாக எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

"கண்டனீங்களோ?"

"வாசம் தெரியும். பையில ஏலக்காய் எடுத்தனான்."

டொக்டர் மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். தகப்பனைப் பொய்யன் ஆக்கவும் முடியாது, புருசனைக் குடிகாரன் ஆக்கவும் முடியாது அவளுக்கு.

மனைவி அப்போது வாட்டு வாசலில் நின்றாள். மகளுக்கென்று கஞ்சிப் போத்தலோடு வந்திருந்தாள், உள்ளே வரமாட்டாள், மருமகன் படுத்திருக்கிற இடம். முகத்தை வெளிப்பக்கம் திருப்பி, முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றவள், கஞ்சிப் போத்தலை நிலத்தில் வைத்துவிட்டு நேரே கட்டிலடிக்கு வந்தாள். நான் சொல்கிறேன், அவள் அந்தக் கட்டில் வரை நடந்ததைக் கண்டபோது எனக்கு வாவியில் தோணி கவிழப்போகிற மாதிரி இருந்தது.

"டொக்டர், இவருக்குத் தெரியா. நான் சொல்றன். கோப்பை எனக்கிட்டத்தான் கழுவ வாற. பொரிச்ச இறால், நெய்ச்சோறு, தயிராடை வைச்ச அண்டைக்கு கோப்பை பாதியில வரும். மறுகா இந்தத் தம்பி பின்வளவுக்குப் போய் வேலியைப் புடிச்சிட்டு நிப்பார், வலப்பக்க விலாவுக்குக் கீழ கைய வைச்சிட்டு. கஞ்சியும் தண்ணியா ஒரு ஆணமும் வைச்சா கழுவின மாதிரி வரும். இது ஒரு வருசமா நடக்கு. ஏலக்காய் நான் மகளிட்ட குடுத்து விட்டது, வயித்தப் பிரட்டி ஓங்காளம் வருதெண்டு."

என் பக்கம் திரும்பவில்லை அவள். திரும்பாமலே சொன்னாள்:

"வாசல்ல வைச்ச பெட்டியையும் நான் தூக்கி மேல வைச்சிட்டன்."

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று நான் கேட்டது மகளைப் பார்த்துத்தான். அவள் இப்போது கதைத்தாள். மாமா ஆசையாகக் கொண்டுவருகிறார், அவருக்குச் சொல்லாதே என்று புருசன் தடுத்தாராம். வீட்டுச் சாப்பாட்டுக்குப் பயந்து, எல்லோரும் சாப்பிட்டு முடிகிற வரைக்கும் பாலத்தடியில் குந்தியிருந்துவிட்டு வருவாராம்.

டொக்டர் நின்று கேட்கவில்லை. தேவையானது கிடைத்துவிட்டது. மனைவி சொல்லி முடிக்குமுன்பே தாதி மிஸ்ஸைக் கூப்பிட்டு ஒக்சிஜன் வைக்கச் சொன்னார், மணிக்கட்டில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார், யாரோ பெரிய டொக்டருக்குப் போன் பண்ணினார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் பின்னால் ஓடினேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு என் மூக்குக்கு முன்னால் மூடியது.

அந்தக் கதவடியில் இருந்துதான் எனக்கு நோய் விளங்கியது. டொக்டர் வெளியே வந்தபோது, கல் எப்படிச் சதையிக்கு வேலை வைத்தது என்று கேட்டேன். பித்தப்பையின் குழாயும் சதையியின் குழாயும் முடிவில் ஒரே வாய்க்குள்தான் திறக்குமாம். ஒரு கல் வழுகி வந்து அந்த வாயில் இறுகினால் இரண்டு நீரும் பின்னுக்கு ஏறும். இதை ஏன் நேற்றே சொல்லவில்லை இந்தப் பிள்ளை? எங்கள் வாவியின் முகத்துவாரத்தை மண் மூடினால் என்ன நடக்கும் என்று எனக்குச் சொல்லவேண்டுமா? கடலுக்குப் போகாத தண்ணீர் பின்னுக்கு ஏறி வயல் வட்டை முழுக்க நெல்லை அழுகவைக்கும். அங்கே யாரும் குடித்துவிட்டு நெல் அழுகவில்லை.

ஆனாலும் நான் முழுதாக நம்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். உள்ளே விட்ட நேரங்களில் மானிட்டரை விட்டுவிட்டுச் சிறுநீர்ப் பையைத்தான் பார்த்தேன். மிசினில் ஓடுகிற பச்சைக் கோட்டை எவனும் எப்படியும் ஓட்டலாம். பை பொய் சொல்லாது. முதலில் அது அடியிலேயே கிடந்தது. சேலைன் மாற்றி மாற்றி ஏற்றினார்கள். மிஸ் வந்து அளந்து எழுதிவிட்டுப் போன பிறகு நானும் ஒருமுறை குனிந்து பார்ப்பேன், அவர் சரியாகப் பார்த்தாரா என்று. அவருக்கு அது பிடிக்கவில்லை. ஐயா, உங்கட வாடியில நான் வந்து நண்டு நிறுக்கட்டா என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, வந்து நிறுத்தாலும் பக்கத்தில் நின்று பார்ப்பேன் என்றேன்.

அடுத்த நாள் பையில் நீர் கூடியது. நிறமும் தெளிந்தது. மூச்சு நிதானமானது. மருமகன் மகளைப் பார்த்து அவளுடைய பெயரைச் சரியாகச் சொன்னார். இப்போது டொக்டர் வாய் திறந்தார். மூச்சும் சிறுநீரும் விழுந்தாலும் கெதியாக எழும்பிவிட்டன, அதனால் இது நடுத்தரம். விழுந்தது எழும்பாமல் இரண்டு நாள் தாண்டிக் கிடந்திருந்தால்தான் ஆகக் கடுமை, அப்படியான ஆட்களை மீட்பது பெரும்பாடு. இந்த மூன்று படியையும் முதல் நாளே சொல்ல முடியாது, காத்திருந்து காண வேண்டியது என்றார். அந்த எண்ணை மறுபடி எடுத்தீர்களா என்று கேட்டேன். தேவையில்லை என்றார். இந்த முறை நான் மறுத்துக் கதைக்கவில்லை.

ஒன்று மட்டும் என்னை அரித்தது. பென்ஷன் விருந்து. வருடம் முழுக்கக் குடிக்காதவராகவே இருக்கட்டும். அன்றைக்கு? கந்தோர் ஆட்கள், கோழிப் பொரியல், எல்லோருடைய கையிலும் கிளாஸ். டொக்டரை வராந்தாவில் தனியே மறித்துக் கேட்டேன், என்னை இரத்தத்தோடு அனுப்பிவிட்டு நீங்கள் அவரிடம் தனியே கேட்டீர்கள்தானே, என்ன சொன்னார் என்று.

"கேட்டனான். சொன்னவர். அது அவர் எனக்குச் சொன்னது, ஐயா."

அவ்வளவுதான். எத்தனையோ கில்லாடி வியாபாரிகளை வாய் திறக்க வைத்தவன் நான். அந்தச் சின்னப் பிள்ளையிடம் அதற்கு மேல் ஒரு சொல் எடுக்க முடியவில்லை.

சதையியின் கொதிப்பு அடங்கிய பிறகு, வீட்டுக்கு விடாமலே, கல்லோடு பித்தப்பையை எடுத்துவிடுவோம் என்றார்கள். விட்டால் அடுத்த கல் வழுகும். அதற்கு முதல் நாள் ஆளை மயக்குகிற டொக்டர் வந்தார். இவர் வேறு ஆள், வயது போனவர். பைலைப் புரட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். முந்தி ஒப்பரேஷன் செய்ததா, மருந்து எதுவும் ஒவ்வாதா, பல் ஏதும் ஆடுகிறதா. மருமகன் தலையணையில் சாய்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார். முகம் வற்றி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. நான் பக்கத்து வாங்கில் இருந்தேன்.

"குடிப் பழக்கம்?" என்றார் அவர், பைலில் இருந்து கண் எடுக்காமல்.

மருமகன் என்னைப் பார்த்தார். அதே பார்வை.

நான் எழும்பினேன். "தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன், மருமகன். டொக்டருக்கு அவசரமில்லாம ஆறுதலாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கன்டீன் பக்கம் போகவில்லை. வராந்தாவில், ஜன்னலோரம் நின்றேன். அங்கே இருந்து கட்டில் நன்றாகத் தெரியும். வாய் அசைவைப் பார்க்க முடியாவிட்டாலும் தலை மேலும் கீழும் போகிறதா, இடமும் வலமும் போகிறதா என்று பார்க்கலாம். சரியாக அந்த நேரம் பார்த்து மிஸ் வந்து கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார். கீழே டொக்டரின் சப்பாத்து மட்டும் தெரிந்தது.

மனைவி வராந்தா முனையில், வாசலுக்கு முதுகு காட்டிக்கொண்டு, தன் பழைய இடத்தில் நின்றாள். வழக்கம்தான் ஒருமுறை உடைந்துவிட்டதே என்று உள்ளே போகவில்லை. அவளிடம் போய், மருமகன் வீட்டுக்கு வருகிற அன்றைக்கு என்ன ஆணம் என்று கேட்டேன்.